வலது கைக் கட்டுமரம்

போன ஆயுத பூஜைக்குக் கடைக்குக் கூப்பிட்டு, மெஷின்களுக்கெல்லாம் என் கையால் பொட்டு வைக்கச் சொன்னீர்கள். வேலையை விட்டு நின்றவனை யார் நினைக்கப் போகிறார்கள் என்று இருந்தேன். நினைத்தீர்கள். முருகன் உங்களையெல்லாம் நன்றாக வைத்திருக்க வேண்டும்.

பொரி கடலை தின்றுகொண்டிருந்தபோது, கம்ப்யூட்டரில் டிசைன் போடும் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டது. பள்ளிக்கூட மாணவர் படைக்குச் சட்டைக் கைச் சின்னம் செய்யும்போது மட்டும் நம் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் அதைப் பேப்பரில் அச்செடுத்து, சட்டையின் இரண்டு கையிலும் குண்டூசியால் குத்திக்கொண்டு, யாராவது ஒருவர் கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்ட வேண்டும். எல்லாம்தான் திரையிலேயே தெரிகிறதே, இது எதற்கு என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த தம்பி, "சாருக்கு ஃபேஷன் ஷோ பாக்கணும்னு ஆசை, அதான்" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன்.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். எதனால் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வருஷம் இருக்கும். அப்போது நம் கடையில் எம்பிராய்டரி மெஷின் கிடையாது. நான் டிசைன் வரைந்து கொடுப்பேன், ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் தைத்து வாங்குவோம். பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் வந்தார். முப்பது வயசு இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் விசில். பையிலிருந்து ஒரு டிராயிங் பேப்பரை எடுத்து மேஜைமேல் விரித்தார். பிள்ளைகள் வரைந்த கட்டுமரம்.

அவர் பள்ளியில் அந்த வருஷம்தான் மாணவர் படை ஆரம்பித்திருந்தார்கள். நாற்பத்திரண்டு பேர், முக்கால்வாசி மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நிர்வாகத்துக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. டீச்சர்தான் நடையாய் நடந்து சம்மதம் வாங்கியிருக்கிறார். ஆண்டு விழா அன்று காலை அணிவகுப்பு. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த வருஷம் படை நடக்கும், இல்லாவிட்டால் அதோடு சரி. இதையெல்லாம் டீச்சர் தன் வாயாலேயே சொன்னார்.

எனக்குக் கட்டுமரம் பிடிக்கவில்லை. மூன்று கட்டையைக் கயிற்றால் கட்டியதைக் கையில் தைத்துக்கொண்டு ஒரு படை நடக்குமா? நம் டிசைன் டிராயரில் சிங்கம் இருக்கிறது, கழுகு இருக்கிறது, குறுக்கே வைத்த ரெட்டை வாள் இருக்கிறது. சிங்கம் போடுங்கள், கம்பீரமாக இருக்கும் என்றேன்.

"எங்க பசங்க சிங்கத்தை வண்டலூர் ஜூல பாத்ததோட சரி சார்," என்றார் அவர். "அதுவும் தூங்கிட்டிருந்துச்சாம்."

முதலாளி கல்லாவிலிருந்து சத்தமாகச் சிரித்துவிட்டார். சிங்கம் அதோடு போனது.

வரைய உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அந்தக் கட்டுமரம் மெல்ல என்னைப் பிடித்துக்கொண்டது, அதையும் சொல்ல வேண்டும். நடுக்கட்டை நீளம், பக்கத்துக் கட்டை இரண்டும் குட்டை, முனை வளைந்து மேலே தூக்கியிருக்கும். துடுப்போடு ஒரு ஆள் நிற்கிறான். முதலில் கீழே மூன்று அலை போட்டேன். பத்தடி தள்ளி வைத்துப் பார்த்தால், அலை மூன்றும் சார்ஜென்ட்டின் மூன்று கோட்டுப் பட்டை மாதிரி தெரிந்தது. ஒரு படையில் எல்லோருமே சார்ஜென்ட் ஆகிவிட்டால் யார் யாருக்கு சல்யூட் அடிப்பது? ஒரு அலையை எடுத்துவிட்டேன். கருநீலத்தில் மஞ்சள் கட்டை, வெள்ளை அலை. டீச்சர் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். இடது கைக்கு நாற்பத்திரண்டு தைத்துக் கொடுத்தோம்.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது டீச்சர் போன் செய்தார். அதிகாரி மேடையிலிருந்து பார்க்கும்போது பிள்ளைகளின் வலது கைதான் மேடைப் பக்கம் வருமாம். அதனால் வலது கைக்கும் ஒரு நாற்பத்திரண்டு வேண்டும் என்றார். அன்று கடையில் கல்யாண ஆர்டர் கூட்டம். ராயப்பேட்டைக்கு போன் போட்டு, "பழைய கட்டுமரமே இன்னும் ஒரு நாற்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

இப்போது உங்கள் சட்டைக் கையில் விரலை வைத்துப் பாருங்கள். இடது கையில் சின்னத்தின் முனை நெஞ்சுப் பக்கம் பார்த்தால், அதே சின்னத்தை அப்படியே வலது கைக்கு மாற்றினால் அது முதுகுப் பக்கம் பார்க்கும். பூவோ விளக்கோ என்றால் ஒன்றுமில்லை. மிருகம், பறவை, படகு, இதற்கெல்லாம் முகம் இருக்கிறது. அது எந்தக் கையில் இருந்தாலும் நடக்கிற திசையைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை முன்னால் நடக்கும், சின்னம் பின்வாங்கும். படைச் சின்னத்தில் பின்வாங்குவதைவிட அவமானம் உண்டா? இது எனக்குத் தெரியாததில்லை. அதுவரை இருபது வருஷமாகச் செய்த வேலை.

செவ்வாய்க்கிழமை டீச்சர் கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காலை விழா. வலது கைச் சின்னங்கள் திங்கட்கிழமையே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன, அன்றைக்கே வீடுகளில் அம்மாமார் தைத்தும் விட்டார்கள். டீச்சருக்கு ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது. ஒரு பிள்ளையின் சட்டையை மேஜைமேல் விரித்து, இரண்டு கைச் சின்னத்தையும் காட்டி, "ரெண்டும் ஒரே பக்கம் பாக்குதே, இது சரிதானா சார்?" என்று கேட்டார்.

பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று கிருத்திகை. நான் விரதம், காலையிலிருந்து தண்ணீர் மட்டும். முதலாளி கல்லாவில் இருக்கிறார், கடை நிறைய ஆட்கள். தப்பு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கையில் இருந்தது, எப்படியாவது மாற்றியிருக்கலாம்.

என் வாய் வேறொன்று சொன்னது.

"வேணும்னேதாம்மா அப்படிப் போட்டேன். இடது கையில இருக்கிறது கடலுக்குப் போற மரம். வலது கையில இருக்கிறது கரைக்குத் திரும்பி வர்ற மரம். போறது வீரம். பத்திரமா வீடு வந்து சேர்றது கடமை. ரெண்டும் சேர்ந்தாத்தானே படை."

எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறீர்களே சார், நான் போய் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று கை கூப்பினார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதிகாரிகள் அணியைப் பார்வையிடும்போது சின்னத்துக்கு என்ன அர்த்தம் என்று கட்டாயம் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி திருநெல்வேலிக்காரர், ஒருவரையும் லேசில் புகழ மாட்டார். அவரே எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "உமக்கு இப்படியெல்லாம் பேச வருமாவே? இவ்வளவு நாளும் எங்கவே ஒளிச்சு வச்சிருந்தீரு?" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். மாலையில் மாம்பலத்திலிருந்து வடபழனிக்கு நடந்தே போனேன். அந்தப் பதிலை என் வாயில் வைத்தது முருகன்தான் என்று நினைத்து, நெய்விளக்கு ஏற்றி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பொய்க்கு நன்றி சொன்ன பக்தன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வியாழக்கிழமை மதியம், அணித் தலைவிக்கான பட்டையைக் கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைவி ஜெனிபர் என்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண். அவள் அம்மா பட்டையைத் தைத்துத் தர வந்து, மரத்தடியில் ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தார். காலையில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருக்கிறார், கூடை பக்கத்தில் இருந்தது. பட்டையை வாங்கிக்கொண்டு, மடியில் கிடந்த சட்டையின் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"நீதான் இத்த தச்சுக் குடுத்தியா சார்? இன்னா சார் இது, மரம் பின்னால போய்க்கினு கீது?"

நான் செவ்வாய்க்கிழமை சொன்னதையே திரும்பச் சொன்னேன். கரைக்குத் திரும்பி வருகிற மரம் என்றேன். இரண்டாம் தடவை சொல்லும்போது அது எனக்கே கொஞ்சம் நிஜம் மாதிரி ஆகியிருந்தது.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "டீச்சரும் அதான் சொன்னாங்கோ. ஏன் சார், வர்ற மரத்துக்கும் மூக்கு முன்னாலதான சார் இருக்கும்? எந்த மரம் சார் பின்பக்கமா ஊட்டுக்கு வரும்?"

நான் அந்தச் சட்டைக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"எங்க ஊட்டுக்காரு பாத்துட்டு, சிரிச்சிக்கினே வலைய தூக்கினு பூட்டாரு," என்றார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார். "நமக்கு இன்னா சார், தைக்க சொன்னாங்கோ தச்சேன். இந்தப் பொண்ணுதான் ரெண்டு நாளா அத்த மனப்பாடம் பண்ணிக்கினு கீது. நாளைக்கு ஆபீசரு முன்னால சொல்லணுமாமே."

மைதானத்தில் ஜெனிபர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற நாற்பத்தொரு பேரும் அவள் குரலுக்குத் திரும்பினார்கள், நின்றார்கள், நடந்தார்கள். அவர்கள் திரும்பி மேடையைத் தாண்டும்போது வலது கைகள் என் பக்கம் வந்தன. நாற்பத்தொரு கட்டுமரமும் பின்பக்கமாகப் போயின. நாளை அந்த அதிகாரி இதைத்தான் பார்ப்பார். விஷயம் தெரிந்தவராக இருந்தால், இந்தப் பெண் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பொய்யை ஒப்பிக்கும்போது சிரித்துவிடுவார். டீச்சர் ஒரு வருஷம் பாடுபட்டது அந்தச் சிரிப்போடு போய்விடும். தெரியாதவராக இருந்து பாராட்டிவிட்டால்? நினைத்துப் பார்த்தேன், அது இன்னும் மோசமாகப் பட்டது. அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் அதை நம்பிக்கொண்டு திரியும். அவள் அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். போனில் அவசரத்தில் சொன்னது, பட்டறையில் திருப்பிப் போடாமல் தைத்தது, எல்லாம். முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"செவ்வாக்கிழமை என்கிட்ட அந்த அர்த்தத்தைச் சொன்னீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்மா."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பட்டறைக்கு போன் போட்டேன். மெஷின் பழுது, ஆள் வந்து பார்க்கச் சனிக்கிழமை ஆகும் என்றார்கள். தெரிந்த தையல்காரர்களிடம் கொடுத்தால் ஒரு இருபதாவது கையால் போட்டு வாங்கலாம் என்றேன். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். பாதிப் பேர் கையில் இருந்து பாதிப் பேர் கையில் இல்லாவிட்டால் அது படையாக இருக்காது, வலது கையில் யாருக்குமே வேண்டாம், பிரித்துவிடலாம் என்றார். பத்து வினாடிகூட யோசிக்கவில்லை. அவசரத்தில் முடிவெடுப்பது என்றால் எனக்கு இன்றும் அந்த டீச்சர்தான் ஞாபகம் வருகிறார். மேடையிலிருந்து எப்படித் தெரியும் என்பதற்காகத்தான் வலது கைச் சின்னமே கேட்டார். அதையே விட்டுக்கொடுத்தார்.

பிறகு, "பசங்களைக் கூப்பிடறேன். நீங்களே சொல்லுங்க சார்," என்றார்.

நாற்பத்திரண்டு பிள்ளைகள் முன்னால் நின்று சொன்னேன். சாமி முன்னால்கூட அப்படிக் கூசியதில்லை. தப்பாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன், அதை மறைக்கத்தான் அந்த அர்த்தத்தைச் சொன்னேன், அது நான் உண்டாக்கியது, மன்னித்துவிடுங்கள் என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "எங்க நைனா அன்னிக்கே சொன்னாரு சார், ரிவர்ஸ் கியர் போட்டுக்கினு கீதுன்னு" என்றான். வரிசை கலைந்து சிரித்தார்கள். ஜெனிபர் மட்டும் சிரிக்கவில்லை. மனப்பாடம் செய்ததைச் சொல்லிப் பார்ப்பது போல அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

மரத்தடியில் உட்கார்ந்து பிரித்தோம். பிளேடை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி. நான், டீச்சர், ஜெனிபரின் அம்மா, இன்னும் நாலைந்து அம்மாமார். புதுக் காக்கித் துணி. தையலைப் பிரித்த இடத்தில் வரிசையாக ஊசித் துளை. ஈரத் துணி போட்டு இஸ்திரி வைத்துப் பார்த்தோம். குறைந்ததே தவிர போகவில்லை. ஒவ்வொரு வலது கையிலும், சின்னம் இருந்த இடம் புள்ளிப் புள்ளியாக ஒரு கேடயம் போலத் தெரிந்தது. அந்திக்குள் முடித்துவிட்டுக் கிளம்பினேன். டீச்சர் போய்விட்டு வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லுவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். மைதானத்துச் சுவர் ஓரமாக அம்மாமாரோடு நின்றுகொண்டேன். அணிவகுப்பு நன்றாகவே நடந்தது. கடல் காற்று பலமாக அடித்தது, இரண்டு தொப்பி பறந்தது, பிள்ளைகள் அசையவில்லை. அதிகாரி வயசானவர், மீசை வெளுத்திருந்தது. வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஜெனிபர் முன்னால் நின்றார். எனக்கும் அவர்களுக்கும் பத்தடிதான் இருக்கும். அவர் கண் அவள் வலது கைக்குப் போனது.

"இதென்னம்மா, கையில இத்தனை ஓட்டை?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவருக்கு அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும்.

"இந்தக் கையிலயும் சின்னம் இருந்துச்சு சார். பின்னால பாக்குற மாதிரி தப்பா தச்சு வந்துச்சு. நாங்களும் சரியா பாக்காம வாங்கிப் போட்டுக்கிட்டோம். நேத்துதான் தெரிஞ்சுது சார். பிரிச்சிட்டோம்."

யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கையை நீட்டிக் காட்டியிருக்கலாம், நான் அங்கேதான் நின்றேன். 'நாங்களும் பாக்காம' என்று அவளாகச் சேர்த்துக்கொண்டாளே, அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அதிகாரி இடது கைப் பக்கம் வந்தார். குனிந்து கட்டுமரத்தைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

ஜெனிபர் எச்சில் விழுங்கியது எனக்குத் தெரிந்தது.

"கட்டுமரம் சார். எங்க அப்பா போறது."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். மேடையில் பேசும்போது, நடையும் கட்டுப்பாடும் நன்றாக இருந்தது என்று நாலு வார்த்தை சொன்னார், ஓட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வருஷமும் படை நடக்கலாம் என்று கோடை விடுமுறைக்கு முன்பே கடிதம் வந்துவிட்டது. ஜூன் மாதம் டீச்சர் ஆர்டரோடு நம் கடைக்கே வந்தார். இந்தத் தடவை பேப்பரில் வரைந்து எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வாருங்கள், பிள்ளைகள் கையில் குத்தி நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் துணியில் ஊசி படவேண்டும் என்றார். நம் கடை வழக்கம் வந்தது அப்படித்தான். அதனால் அதை ஃபேஷன் ஷோ என்று கேலி செய்யுங்கள், பரவாயில்லை. விட்டுவிட மட்டும் செய்யாதீர்கள். திரையில் ஒரு பொத்தானைத் தட்டினால் சின்னம் திரும்பிக்கொள்ளும். தப்பு செய்தவன் வாய்க்கு அப்படி ஒரு பொத்தான் கிடையாது. நம் தொழிலில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு அர்த்தம் சொல்லிச் சொல்லி, தப்புக்குக்கூட அழகாக அர்த்தம் சொல்ல வந்துவிடுகிறது. அந்தத் திறமையைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன். உங்களுக்கும் அது வரும். வரும்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அணி கலைந்த பிறகு நான் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஜெனிபர்.

"சார், நீங்க சொன்ன அந்த அர்த்தம் நல்லாத்தான் சார் இருந்துச்சு. ரெண்டு நாள் மனப்பாடம் பண்ணது வேஸ்டா பூட்டுது."

மன்னிச்சுக்கம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

"அட, பரவால்ல சார்," என்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். "அந்த ஆபீசரு அர்த்தம் கேக்கசொல்ல, நீங்க சொன்னதுதான் சார் மொதல்ல வாயில வந்துச்சு. முழுங்கிட்டேன்."